இருட்டில் பாதையை மாற்றாதீர்கள்

ஆப்பரேஷன் முடிந்து மாதக்கணக்காய்ப் படுக்கையில் கிடந்திருக்கிறீர்களா? உடம்பின் நோவை மருந்து ஓரளவு தணிக்கும். ஆனால் பொழுது சாயும் வேளையில் மனதைக் கவ்வும் சலிப்பும் துக்கமும் இருக்கின்றனவே, அவற்றைப் பிறரிடம் சொல்லவும் வாய் வராது. அத்தகையோருக்குத் துணையாக நிற்பவர் சேசு சபையை ஸ்தாபித்த அர்ச். இஞ்ஞாசியார்.

ஸ்பெயின் தேசத்தில் லொயோலா மாளிகையில் பிறந்த அவர், வாலிபத்தில் நாடியதெல்லாம் வாளும் வீரப் பேருமே. 1521-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி பம்பலோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது, பீரங்கிக் குண்டு ஒன்று அவருடைய ஒரு காலை முறித்து, மறு காலையும் காயப்படுத்தியது. பிரெஞ்சுக்காரர்களே வைத்தியம் செய்து, டோலியில் வைத்து ஊருக்கு அனுப்பினார்கள்.

எலும்பு சரியாகக் கூடவில்லை. மறுபடியும் முறித்துக் கட்டினார்கள். மயக்க மருந்து இல்லாத காலம் அது! கைகளை இறுக மூடிக்கொண்டதைத் தவிர அவர் வேதனையைக் காட்டவில்லை. பின்பு சாகுந்தறுவாயில் தேவதிரவிய அனுமானங்களைப் பெற்றார். அர்ச். இராயப்பர், சின்னப்பர் திருநாளுக்கு முந்தின இரவில்தான் உயிர் தப்பினார்.

பிழைத்தபின் பார்த்தால், முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்தி நின்றது. அழகான பூட்ஸ் அணிய முடியாதே என்ற வீண் பெருமையால் அதையும் அறுக்கச் சொன்னார். குட்டையான காலை நீட்டப் பல நாள் இழுத்துக் கட்டிவைத்தார்கள். உடம்பு தேறியும் காலூன்ற முடியாமல் படுத்தே கிடந்தார்.

பொழுதுபோக்க வீரக் கதைகள் கேட்டார். வீட்டில் கிடைத்தவையோ சேசுநாதர் சரித்திரமும் அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரமுமே. வேறு வழியின்றி வாசித்தார். அப்போது ஒன்றைக் கவனித்தார். உலக மகிமையைக் கனவு காணும்போது இன்பமாயிருக்கும். கனவு கலைந்ததும் மனம் வறண்டுபோகும். அர்ச்சியசிஷ்டவர்களைப்போல் நடக்க எண்ணினாலோ, பின்னும் மகிழ்ச்சி நிலைத்திருக்கும். இந்தச் சிறு வித்தியாசமே அவர் வாழ்வைத் திருப்பியது. கையும் சும்மா இருக்கவில்லை. வாசித்ததில் முக்கியமானவற்றைச் சுமார் 300 தாள்களில் எழுதினார். ஆண்டவரின் வாக்குகளைச் சிவப்பு மையிலும், தேவமாதாவின் வாக்குகளை நீல மையிலும் வரைந்தார். இரவில் வானத்தையும் நட்சத்திரங்களையும் நெடுநேரம் பார்த்து ஆறுதலடைந்தார்.

இத்துடன் துக்கம் ஒழிந்ததென்று எண்ணாதீர்கள். 1522-ல் மன்ரேசா நகரில் அதைவிடக் கொடிய இருள் அவரைச் சூழ்ந்தது. உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனையும் வந்தது. அதையும் தேவ உதவியால் கடந்தார். கடந்தபின் தாம் கற்றதை நமக்கு விதியாய் எழுதிவைத்தார்: மனம் இருண்டிருக்கையில், தெளிவான வேளையில் செய்த நல்ல தீர்மானத்தை மாற்றலாகாது, இருள் நீங்குமென்று நம்பிப் பொறுத்திருக்க வேண்டும், உள்ளத்தை வாட்டுவதை மறைத்து வைக்காமல் தகுந்தவரிடம் திறந்து சொல்ல வேண்டும்.

அவர் கால் முழுதும் குணமாகவில்லை. நொண்டிக்கொண்டே ஜெருசலேமுக்கும், பாரிஸுக்கும், ரோமைக்கும் போனார். 1540-ல் அர்ச். சவேரியாரைக் கிழக்குத் தேசங்களுக்கு அனுப்பியபோதும் நோயாய்ப் படுத்திருந்தார். அதனாலன்றோ 1542-ல் நம் முத்துக்குளித்துறை அந்த அப்போஸ்தலரைக் கண்டது! பித்தக்கல் நோயால் நெடுங்காலம் வருந்தி, 1556-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி ரோமையில் மரித்தார்.

நோயுற்ற வாசகரே, இன்று மனம் சோர்ந்திருக்கிறதா? அது விசுவாசக் குறைவல்ல, அர்ச்சியசிஷ்டவரும் அனுபவித்ததே. வைத்தியரிடம் உடல் நோவோடு மன நோவையும் சொல்லுங்கள். வீட்டாரிடமும் பங்குக் குருவிடமும் மறைக்காதீர்கள். கைக்கு ஒரு சிறு வேலை கொடுங்கள். பெரிய தீர்மானங்களை விடியும்வரை ஒத்திவையுங்கள். விடியும்.