சண்டை மீனுக்குப் பெயர் தந்த ராணுவ மருத்துவர்

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குச் சண்டை மீனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பள்ளி விட்டதும் கால்வாய் ஓரம் குனிந்து கையால் அள்ளி, பழைய போத்தலில் போட்டு, அம்மாவின் கண்ணில் படாமல் ஒளித்து வைத்த மீன் அது. நகரத்து மீன் கடைகளில் இன்று அதைப் 'பெட்டா' என்கிறார்கள். ஜாவா மக்கள் தங்கள் ஊர்ச் சிறுமீன் ஒன்றை அழைத்த சொல் அது. 1850ஆம் ஆண்டில் அதை அறிவியல் பெயராக்கியவர் பீட்டர் பிளேக்கர் என்ற டச்சு ராணுவ மருத்துவர்.

நெதர்லாந்தின் சாண்டாம் நகரில் 1819 ஜூலை 10ஆம் தேதி பிளேக்கர் பிறந்தார். வசதியான குடும்பம் அல்ல. சிறு வயதிலேயே மருந்துக் கடையில் வேலை பழகப் போனார். அங்கிருந்து படிப்படியாக அறுவை மருத்துவரானார். டச்சுக் கிழக்கிந்திய ராணுவத்தில் மருத்துவராகச் சேர்ந்து 1842இல் பத்தாவியா, அதாவது இன்றைய ஜக்கார்த்தா, வந்து இறங்கினார்.

பகலில் மருத்துவப் பணி. மீதி நேரமெல்லாம் மீன். மீனவர்கள் கொண்டுவரும் மீன்களை விலைக்கு வாங்கினார். பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். செதிலையும் துடுப்பு முட்களையும் எண்ணினார். பிறகு சாராயத்தில் ஊறவைத்தார். தீவுதோறும் பணியில் இருந்த மருத்துவர்களும் அதிகாரிகளும் கண்ணாடிச் சாடிகளில் மீன்களை அவருக்கு அனுப்பி வைத்தார்கள். இப்படி 18 ஆண்டுகளில் சேர்ந்தவை 12,000க்கும் அதிகம். மீனை அனுப்பிய அதிகாரிகள் சிலரின் பெயர், மீனின் பெயரிலேயே நிலைத்துவிட்டது. நம் ஆறுகளில் துள்ளும் லம்பாம் சுங்கை மீனின் அறிவியல் பெயரில் இருப்பது சுமத்ராவில் பணிபுரிந்த ஷ்வானஃபெல்ட் என்ற மருத்துவ அதிகாரி. வலை வீசிப் பிடித்துக் கொடுத்த மீனவர்களின் பெயர்தான் எதிலும் இல்லை.

அதே காலத்தில் பினாங்கில் தியோடர் காந்தோர் என்ற இன்னொரு மருத்துவரும் மீன்களைச் சேகரித்துக்கொண்டிருந்தார். மலாயா மீன்களைப் பற்றிய அவருடைய பட்டியல் 1849இல் வந்தது. சிங்கப்பூர் மீன்களைப் பற்றி பிளேக்கர் 1852இல் எழுதினார். ஆங்கிலேயர், டச்சுக்காரர் என்று நிலம் பிரிந்து கிடந்தாலும் மீன்களுக்கு அந்த எல்லை தெரியாது. அதனால்தான் ஜாவாவில் உட்கார்ந்து பிளேக்கர் விவரித்த பல மீன்கள் நம் பகாங் ஆற்றிலும் பேராக் ஆற்றிலும் நீந்துகின்றன. கெலா, ஜெலாவாட், கெதுத்து, தெமர்லோவின் பெருமையான பத்தின் வகைகளில் ஒன்று என, கடையில் விலை கேட்டுத் தயங்கி நிற்கும் இந்த மீன்களை அறிவியல் உலகுக்கு முதலில் விவரித்தவர் அவரே.

அவருடைய உழைப்பு மீனோடு நிற்கவில்லை. 1850இல் பத்தாவியாவில் இயற்கை ஆய்வுச் சங்கம் ஒன்று உருவானபோது முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். அச்சங்கத்தின் ஆய்விதழில்தான் அவருடைய கட்டுரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. ஜாவா இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பிக்க 1851இல் தொடங்கிய பள்ளிக்கும் ஆரம்பத்தில் அவர் பொறுப்பேற்றிருந்தார்.

மீன்களைப் பற்றி மட்டும் 500க்கும் மேற்பட்ட கட்டுரைகள், 1,900க்கும் மேற்பட்ட புதிய இனங்கள் என்று அவர் கணக்கு நீள்கிறது. இவ்வளவு வேகத்துக்கு ஒரு விலையும் இருந்தது. ஒரே இனத்தைச் சேர்ந்த மீன்களை, எந்த ஊரில் கிடைத்தவை என்று பிரிக்காமல் ஒரே சாடியில் போட்டு வைத்தார். பிறகு கிடைத்தவையும் அதே சாடிக்குள் போயின. எந்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முதல் விவரிப்பை எழுதினார் என்பதைக் கண்டுபிடிக்க, பின்னால் வந்த ஆய்வாளர்கள் சாடி சாடியாக அளந்து பார்க்க வேண்டியதாயிற்று.

1860இல் தாயகம் திரும்பியவர், சேகரித்த அனைத்தையும் வண்ணப் படங்களோடு ஒரே நூலாக்க முனைந்தார். 1862இல் தொடங்கிய அந்த மாபெரும் படநூல் பகுதி பகுதியாக வெளிவந்து 36 பகுதிகளை எட்டியது. படங்கள் 1,500க்கும் மேல். வேலை முடியவில்லை. 1878 ஜனவரி 24ஆம் தேதி ஹேக் நகரில், 58ஆம் வயதில் பிளேக்கர் காலமானார். அடுத்த ஆண்டே அவருடைய மீன்களில் பெரும்பகுதி ஏலத்துக்கு வந்து பல நாட்டு அருங்காட்சியகங்களுக்குப் பிரிந்து போனது. நிறையச் சாடிகள் லைடன் நகரில் இன்றும் இருக்கின்றன.

பழைய சாடி மீனால் இன்று என்ன பயன் என்று கேட்கத் தோன்றலாம். கெலாவை எடுத்துக்கொள்வோம். கிலோ பல நூறு ரிங்கிட் விலை போவதால் வலையும் தூண்டிலும் அதை விடாமல் துரத்துகின்றன. காடழிப்பால் ஆறு கலங்கும்போதும் அணைகள் வழியை மறிக்கும்போதும் தெளிந்த ஓடும் நீரை நம்பி வாழும் இந்த மீன்தான் முதலில் அடிபடுகிறது. 1854இல் பிளேக்கர் விவரித்த கெலாவும், அதற்கு முன்பே வேறொருவர் விவரித்த அதன் நெருங்கிய உறவு மீனும் ஒரே இனமா, வேறு வேறா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. குஞ்சு பொரிக்க வைத்து ஆற்றில் விடுபவர்களுக்கு இது வெறும் பெயர்ச் சண்டை அல்ல. தவறான இனத்தை விட்டுவிட்டால், அந்த ஆற்றுக்கே உரிய மீன் கலப்பில் கரைந்து போகும். அந்த வழக்கைத் தீர்க்கத் தேடப்படும் சாட்சிகளில் பிளேக்கரின் சாடிகளும் உண்டு.

அவர் அச்சில் காணாமல் போன படங்களுக்கும் ஒரு விடிவு வந்தது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1977 முதல் 1983 வரை அந்தப் படநூலை 10 தொகுதிகளாக மறுபடியும் பதிப்பித்தபோது, அதுவரை வெளிவராதிருந்த படங்களும் அதில் சேர்ந்தன. பிளேக்கர் இறந்து அப்போது ஏறக்குறைய நூறாண்டு ஆகியிருந்தது. கெலா இன்று தாமான் நெகாராவின் லுபுக் தெனோரில் வலைக்கும் தூண்டிலுக்கும் அகப்படாமல், வருகையாளர்கள் தூவும் இரைக்குக் கூட்டமாக மேலே வருகிறது.