போர்டைக் கழற்றிய டாக்டர்... ஸ்டெதஸ்கோப்பை விடாத செகாவ்!

டாக்டருக்குப் படிக்கலாமா, வேண்டாமா? மரியாதை இருக்கு, வேலை இல்லாம போகாது. ஆனா தூக்கம் போயிடும், பாதி இளமை படிப்பிலேயே கரைஞ்சிடும். இந்தக் கூட்டல் கழித்தலை வீட்டு ஹால்ல உட்கார்ந்து நீங்களும் போட்டுப் பார்த்திருப்பீங்க. ரஷ்யாவின் ஆன்டன் செகாவை சிறுகதை எழுத்தாளரா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம். ஆனா, அவர் முறையா படிச்ச டாக்டர். இந்தக் கணக்கை அவர் பேப்பர்ல போடல, தன் உடம்புலயே போட்டார்.

அசோவ் கடலோரத் துறைமுகமான தாகன்ரோகில் 1860-ல் பிறந்தார் செகாவ். தாத்தா, பண்ணையடிமையாக இருந்து, காசு சேர்த்து தன் குடும்பத்துக்கு விடுதலை வாங்கியவர். அப்பாவுக்கு மளிகைக்கடை. 1876-ல் கடை திவாலாகிவிட, கடன்காரர்களுக்குப் பயந்து அப்பா மாஸ்கோவுக்கு ஓடினார். குடும்பமும் பின்னாலேயே போனது. 16 வயசு ஆன்டன் மட்டும் ஊரிலேயே தங்கி, டியூஷன் எடுத்துப் பள்ளிப்படிப்பை முடித்தார்.

1879-ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்தார். சொந்த ஊர் கொடுத்த உதவித்தொகை மாசம் 25 ரூபிள். பெரிய குடும்பத்துக்கு அது எந்த மூலைக்கு? அதனால பகலில் உடற்கூறியல், இரவில் நகைச்சுவைப் பத்திரிகைகளுக்குத் துணுக்கும் குட்டிக்கதையும். அதற்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயர்களில் ஒன்று, 'மண்ணீரல் இல்லாத மனிதன்'. மெடிக்கல் ஸ்டூடன்ட் குசும்பு!

1884-ல் டாக்டரானார். இனிமே காசு கொட்டும்னுதானே நினைப்பீங்க? நோயாளிகள் வந்தார்கள், ஆனா பலரிடம் ஃபீஸ் கொடுக்க எதுவும் இல்லை. வீட்டு வாடகையைக் கதைகள்தான் கட்டின. அதே வருஷ டிசம்பரில் இருமும்போது ரத்தம் வந்தது. அப்போது அவருக்கு 24 வயசு. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோச் கண்டுபிடித்து இரண்டே வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த ரத்தம் என்ன சொல்லுதுன்னு ஒரு டாக்டருக்குத் தெரியாதா? தொண்டையில் ஏதோ சின்ன ரத்தக்குழாய் வெடிச்சிருக்கும்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டார். ஊருக்கே வைத்தியம் பார்த்தவர், தன்னைப் பரிசோதிக்கச் சக டாக்டர்களை வருஷக்கணக்கில் விடவில்லை. அவர் வாழ்க்கையில் எனக்கு இன்னும் பிடிபடாத விஷயம் இதுதான்.

தொழிலின் கனம் என்னன்னு அவருக்குக் காட்டியது வேறொரு வீடு. ஓவியர் நண்பர் ஒருவரின் அம்மாவுக்கும் சகோதரிகளுக்கும் டைஃபஸ் காய்ச்சல். செகாவ் இரவு பகலா கூடவே இருந்து பார்த்தார். அம்மா இறந்தார். ஒரு சகோதரியும் போனார். சாகும்போது அந்தப் பெண் பிடித்திருந்தது டாக்டரின் கையை. இதற்குப் பிறகு வாசலில் தொங்கிய டாக்டர் போர்டை செகாவ் கழற்றிவிட்டதாக அவர் தம்பி எழுதிவைத்திருக்கிறார்.

அவ்வளவுதானா, மருத்துவத்தை விட்டுட்டாரா? இல்லை. 1890-ல், சைபீரியாவைக் கடக்க ரயிலே இல்லாத காலத்தில், குதிரை வண்டியிலும் படகிலுமா சகாலின் தீவுக்குப் போனார். ரஷ்ய அரசு கைதிகளை நாடுகடத்திய இடம் அது. அங்கே 3 மாசம் வீடு வீடா ஏறி இறங்கி, கைதிகள், குடியேறிகள் என்று சுமார் 10,000 பேரின் விவரங்களை அட்டைகளில் குறித்தார். நோயாளியிடம் ஹிஸ்டரி கேட்கிற பழக்கம் என்று சொல்லலாம். அது பிற்பாடு புத்தகமாகவே வந்தது.

1892-ல் மாஸ்கோவுக்குத் தெற்கே மெலிகோவோவில் பண்ணை வீடு வாங்கினார். அந்தக் கோடையிலேயே காலரா பயம் பரவியது. 25 கிராமங்கள், 4 தொழிற்சாலைகள், ஒரு மடாலயம்... இவ்வளவுக்கும் ஒரே டாக்டர், செகாவ்தான். சம்பளம் கிடையாது, அவரே வேண்டாம்னுட்டார். மருந்துக்கும் தடுப்பு ஏற்பாட்டுக்கும் வசதியானவர்களிடம் போய்க் கையேந்தினார். காலரா அவர் வட்டாரத்தைத் தொடாமலே போனது. விடியும் முன்பே வாசலில் விவசாயிகள் காத்திருப்பார்கள். எழுத நேரமே இல்லை என்ற அலுப்பு அவருக்கு நிறையவே இருந்தது. ஆனா மனநோய் வார்டையும் அதைக் கண்டுகொள்ளாத டாக்டரையும் பற்றிய 'வார்டு எண் 6' வெளியானது அதே வருஷம்தான். 'வான்யா மாமா' நாடகத்தில் ஓய்வே இல்லாமல் ஓடிக் களைத்துப்போன டாக்டர் அஸ்த்ரோவ் வருவாரே, அவரை வெளியிலிருந்து பார்த்து யாரும் எழுதியிருக்க முடியாது. மருத்துவம் அவருக்குத் திருப்பிக் கொடுத்தது காசு இல்லை, இதைத்தான்.

1897 மார்ச்சில், மாஸ்கோ ரெஸ்டாரன்ட் ஒன்றில் நண்பரோடு சாப்பிட உட்கார்ந்தபோது வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. முதல் ரத்தம் வந்து 12 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இப்போ ஒளிய இடமில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்து காசநோய்னு உறுதி செய்தார்கள். டாக்டர்கள் சொற்படி யால்டாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. காசநோயோடு வந்து இறங்கிய ஏழைகள் தங்குவதற்கு நன்கொடை திரட்டிக்கொண்டிருந்தார்.

1904 ஜூலையில், ஜெர்மனியின் பாடன்வைலர் ஊரில் ஒரு ஹோட்டல் அறை. பக்கத்தில் மனைவி ஓல்கா. நள்ளிரவில் மூச்சுத்திணற, டாக்டரை வரவழைத்தார்கள். பார்த்துவிட்டு அவர் ஷாம்பெயின் கொண்டுவரச் சொன்னார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றால் சக டாக்டருக்கு ஷாம்பெயின் கொடுப்பது அங்கே வழக்கம் என்று சொல்வார்கள். 44 வயசு செகாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கிளாஸை வாங்கி முழுசாகக் குடித்தார், இடப்பக்கமாகத் திரும்பிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது.