மிகுவேல் முன்யோஸ்

ஸ்பெயின் நாட்டின் மத்ரித் நகரில் 1922ஆம் ஆண்டு பிறந்தவர் மிகுவேல் முன்யோஸ். ரியல் மத்ரித் அணியின் நடுக்கள ஆட்டக்காரராக விளங்கிய அவர், 1955இல் ஐரோப்பியக் கோப்பைப் போட்டிகளில் அவ்வணியின் முதல் கோலை அடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் அணித்தலைவராகக் கோப்பையை ஏந்தினார். 1960இல் பயிற்றுநர் பொறுப்பேற்று, கிளாஸ்கோவில் பிராங்க்பர்ட் அணியை 7-3 என வென்றார். ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் அக்கோப்பையை வென்ற முதல் மனிதர் அவரே.

கடுஞ்சோதனை 1964இல் வந்தது. வியன்னா இறுதிப்போட்டியில் இன்டர் மிலனிடம் அணி தோற்றது. ஆட்டமுறை குறித்து அவருக்கும் டி ஸ்டெபானோவுக்கும் பிணக்கு முற்றியது. இருவரும் ஒருகாலத்தில் தோளோடு தோள் நின்று ஆடியவர்கள். பழைய நட்பைக் கருதி முன்யோஸ் விட்டுக்கொடுத்திருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆயினும், முப்பத்தெட்டு வயதை நெருங்கிய அம்மாவீரர் இல்லாமலே அணியைப் புதுப்பிக்கத் துணிந்தார். டி ஸ்டெபானோ மனக்கசப்புடன் அணியைவிட்டு விலகினார்.

இரண்டு ஆண்டுகளில் விடை கிடைத்தது. 1966இல் பிரஸ்ஸல்ஸ் நகரில், மூத்தவரான ஹெந்தோவின் தலைமையில் ஸ்பானியர் பதினொருவரே களமிறங்கிப் பார்டிசான் அணியை 2-1 என வென்றனர்.

1974 வரை பொறுப்பில் நீடித்த முன்யோஸ் 9 லீக் பட்டங்களைப் பெற்றுத் தந்தார். பின்னர் ஸ்பெயின் தேசிய அணியை 1984 ஐரோப்பிய இறுதிப்போட்டிவரை அழைத்துச் சென்றார்; அங்கே பிரான்சிடம் தோல்வியே கிட்டியது. 1990இல் மத்ரிதில் மறைந்தார்.