வயலிலும் தயிரிலும் நல்ல நுண்ணுயிர் தேடியவர்

தென்னையில் காண்டாமிருக வண்டைக் கட்டுப்படுத்த எருக்குழியில் இடும் மெட்டாரைசியம் பூஞ்சாணம், தயிரைப் புளிக்கவைக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா. இவ்விரண்டின் வரலாற்றிலும் இடம்பெறுபவர் இலியா மெச்னிகோவ்.

இன்றைய உக்ரைனின் கார்கிவ் பகுதியில் 1845-ல் பிறந்தவர். ஒடெசாவில் விலங்கியல் பேராசிரியராக இருந்தபோது, கோதுமையை வண்டுகள் பெருமளவில் அழித்தன. அவற்றின் புழுக்களைப் பச்சை நிறப் பூஞ்சாணம் கொல்வதை 1879-ல் கண்டறிந்தார். அதை வளர்த்து வயலில் இட்டால் பூச்சியைக் கட்டுப்படுத்தலாம் என்றார்.

1888-ல் பாரிஸின் பாஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். 1905-ல் பல்கேரியாவின் ஸ்டாமென் கிரிகோரோவ் தயிரில் கண்டறிந்த லாக்டோபேசில்லஸ் அவரைக் கவர்ந்தது. அது சுரக்கும் லாக்டிக் அமிலம் குடலில் தீங்கு செய்யும் பாக்டீரியாக்களை அடக்கும் எனக் கருதினார். தானும் தினமும் புளித்த பால் குடித்தார். நோய் எதிர்ப்பு ஆற்றல் குறித்த ஆய்வுக்காக 1908-ல் நோபல் பரிசு பெற்றார். 1916-ல், 71 வயதில் மறைந்தார்.

தயிர் முதுமையைத் தள்ளிப்போடும் என்ற அவரது கருத்து நிரூபணமாகவில்லை. அந்தத் தயிர் பாக்டீரியா குடலில் நிலைத்து வளர்வதில்லை என்பதும் பின்னர் தெரிந்தது. ஆனால், தீய நுண்ணுயிரை நல்ல நுண்ணுயிரால் அடக்கலாம் என்ற எண்ணம் நிலைத்தது. கோழித் தீவனத்திலும் கன்றுத் தீவனத்திலும் இன்று சேர்க்கப்படும் புரோபயாடிக், அந்த எண்ணத்தின் விளைச்சல்தான்.