பள்ளி ஆசிரியர் முதல் தொழிலாளர் பிரதிநிதி வரை: தொழிற்சங்கச் சட்டத்துக்கு வித்திட்ட என்.எம்.ஜோஷி

கேம்ப் (புனே): இந்தியாவில் தொழிற்சங்கங்களுக்கு முதன்முதலாகச் சட்டப் பாதுகாப்பு அளித்த 1926-ஆம் ஆண்டு சட்டத்துக்கு வித்திட்டவர், புனேயில் கல்வி பயின்று பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கிய நாராயண் மல்ஹார் ஜோஷி. அந்தச் சட்டம் தேவை என்பதை நாட்டுக்கு உணர்த்தியது, சென்னை தொழிற்சங்கத் தலைவர்கள் மீது தொடரப்பட்ட ஒரு வழக்கு.

இன்றைய ராய்கட் மாவட்டத்தில் உள்ள கோரேகாவ் என்ற ஊரில் 1879 ஜூன் 5-ஆம் தேதி பிறந்த ஜோஷி, புனே டெக்கான் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் சுமார் 8 ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றினார்.

கோபால கிருஷ்ண கோகலே புனேயில் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் 1909-இல் இணைந்த அவர், 'ஞானப்பிரகாஷ்' என்ற மராத்தி இதழின் பணியில் ஈடுபட்டார். 1911-இல் மும்பையில் சமூக சேவைக் கழகத்தைத் தொடங்கி, ஆலைத் தொழிலாளர்களுக்காக இரவுப் பள்ளிகளையும் நூலகங்களையும் நடத்தினார். 1919-இல் வாஷிங்டனில் நடைபெற்ற முதலாவது சர்வதேச தொழிலாளர் மாநாட்டில் இந்தியத் தொழிலாளர்களின் பிரதிநிதியாகப் பங்கேற்றார். மறு ஆண்டு உருவான அகில இந்திய தொழிற்சங்க காங்கிரஸின் (ஏஐடியுசி) நிறுவனர்களில் அவரும் ஒருவர்.

இதனிடையே, 1918 ஏப்ரலில் உருவான சென்னை தொழிலாளர் சங்கம் பெரும் நெருக்கடியைச் சந்தித்தது. பின்னி நிறுவனம் தொடர்ந்த வழக்கில், பணிக்குத் திரும்ப வேண்டாம் எனத் தொழிலாளர்களைத் தூண்டுவதற்குச் சங்கத் தலைவர் பி.பி.வாடியா உள்ளிட்டோருக்கு சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. சங்கத்தை விட்டு வாடியா விலக வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் அந்த விவகாரம் முடிவுக்கு வந்தது. வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்குபவர்களை இழப்பீட்டு வழக்கின் மூலமே முடக்கிவிட முடியும் என்பதை இது வெளிப்படுத்தியது.

மத்திய சட்டப்பேரவையில் தொழிலாளர் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டிருந்த ஜோஷி, 1921 மார்ச்சில் தொழிற்சங்கங்களின் பதிவுக்கும் பாதுகாப்புக்கும் சட்டம் இயற்றக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றச் செய்தார். ஆலை முதலாளிகளின் எதிர்ப்பால் சட்டம் வர மேலும் 5 ஆண்டுகள் ஆயின. குறைந்தது 7 பேர் இணைந்து சங்கத்தைப் பதிவு செய்யவும், வேலைநிறுத்தம் தொடர்பான உரிமையியல், குற்றச்சதி வழக்குகளில் இருந்து சங்கத்தினர் பாதுகாப்புப் பெறவும் அச்சட்டம் வழிவகுத்தது. எனினும், சங்கத்தை அங்கீகரித்தே ஆக வேண்டும் என முதலாளிகளை அது கட்டாயப்படுத்தவில்லை.

ஜோஷியின் எல்லா முயற்சிகளும் வெற்றி பெறவில்லை. பெண் தொழிலாளர்களுக்குப் பேறுகால உதவி வழங்குவதற்காக 1924-இல் அவர் கொண்டுவந்த மசோதாவை அவை நிராகரித்தது. பின்னர் 1929-இல் பம்பாய் மாகாணம் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

தொழிலாளர் நிலை குறித்து ஆராய பிரிட்டிஷ் அரசு அமைத்த விட்லி ஆணையத்தில் அவர் உறுப்பினரானது, சொந்த அமைப்பிலேயே பிளவை உண்டாக்கியது. ஆணையத்தைப் புறக்கணிக்க வேண்டும் என 1929-இல் நாகபுரியில் கூடிய ஏஐடியுசி முடிவு செய்தபோது, வி.வி.கிரி உள்ளிட்டோருடன் வெளியேறித் தனிக் கூட்டமைப்பைத் தொடங்கினார் ஜோஷி. அரசின் அவைகளில் இடம்பெற்று உரிமைகளைப் பெற முடியும் என்ற அவரது நம்பிக்கையை, போராட்டத்தைப் பலவீனப்படுத்தும் சமரசமாகவே இடதுசாரிகள் கருதினர். ஆயினும் அந்த ஆணையம் 1931-இல் அளித்த அறிக்கையே, 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்துக்கு அடிப்படையாக அமைந்தது.

1940-இல் இரு அமைப்புகளும் மீண்டும் இணைந்தபோது, ஏஐடியுசியின் பொதுச் செயலர் பொறுப்பு மறுபடியும் ஜோஷியிடமே வந்து சேர்ந்தது. 1955 மே 30-ஆம் தேதி அவர் காலமானார். ஆலைத் தொழிலாளர்கள் திரளாக வாழ்ந்த மும்பை லோயர் பரேல் பகுதியில் உள்ள டிலைல் சாலைக்கு, பின்னாளில் அவரது பெயர் சூட்டப்பட்டது.