அணிகளை எதிர்த்த அமைப்பாளர்: டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை உருவாக்கிய ஹென்றி டெக்ராஞ்ச்

ஆண்டுதோறும் மூன்று வாரங்கள், 21 கட்டங்களாக நடைபெறும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் இன்று அணிகளின் பந்தயமாகவே விளங்குகிறது. ஓர் அணிக்கு எட்டு வீரர்கள். அவர்களில் பெரும்பாலோரின் பணி, தங்கள் தலைமை வீரரைக் காற்றிலிருந்து காத்து மலையடிவாரம் வரை கொண்டு சேர்ப்பது. ஆனால், இப்பந்தயத்தைத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திய ஹென்றி டெக்ராஞ்ச் விரும்பியது இதற்கு நேர்மாறான ஒன்றை. பிறர் உதவியின்றித் தனி மனிதன் ஒருவன் சாலையை வெல்ல வேண்டும் என்பதே அவரது கனவு.

1865-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி பாரிஸில் பிறந்த டெக்ராஞ்ச், முதலில் சட்ட அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றினார். சைக்கிள் மீதான ஆர்வம் அவரைப் பந்தயத் திடலுக்கு அழைத்துச் சென்றது. 1893-ஆம் ஆண்டு மே மாதம், பாரிஸில் உள்ள பஃபலோ திடலில் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் தொலைவைக் கடந்தார். அதுவே முறைப்படி ஏற்கப்பட்ட முதல் ஒரு மணி நேரச் சாதனையாகும்.

1900-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட விளையாட்டு நாளிதழ் ஒன்றுக்கு அவர் ஆசிரியரானார். பின்னர் லோட்டோ எனப் பெயர் மாற்றப்பட்ட அந்த இதழ் மஞ்சள் தாளில் வெளிவந்தது. போட்டி நாளிதழான ல வேலோவை விற்பனையில் முந்த வழி தேடியபோது, பிரான்ஸ் முழுவதையும் சுற்றிவரும் பந்தயம் என்ற யோசனையை இளம் செய்தியாளர் ஜியோ லெஃபேவ்ர் முன்வைத்தார். தயக்கத்துடன் டெக்ராஞ்ச் இசைந்தார்.

1903-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி 60 வீரர்களுடன் முதல் பந்தயம் தொடங்கியது. பாரிஸிலிருந்து லியோன், மார்செய், துலூஸ், போர்தோ, நாந்த் வழியாக மீண்டும் பாரிஸ் வரை ஆறு கட்டங்கள். மொத்தம் 2,428 கிலோமீட்டர். இரவிலும் வண்டி ஓட்ட வேண்டியிருந்தது. 21 பேர் மட்டுமே பந்தயத்தை நிறைவு செய்தனர். மொரிஸ் கரேன் வெற்றி பெற்றார். இதழின் விற்பனையும் பெருமளவு உயர்ந்தது.

அடுத்த ஆண்டே பந்தயம் நெருக்கடியைச் சந்தித்தது. முறைகேடுகள் காரணமாக முதல் நான்கு இடங்களைப் பெற்றவர்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டனர். பந்தயத்தைக் கைவிட எண்ணிய டெக்ராஞ்ச், பின்னர் விதிகளைக் கடுமையாக்கித் தொடர்ந்தார். 1910-இல் பிரனீஸ் மலைத்தொடரும், 1911-இல் ஆல்ப்ஸ் மலையின் கலிபியே கணவாயும் பாதையில் சேர்க்கப்பட்டன.

அவரது விதிகளின் கடுமைக்கு 1913-ஆம் ஆண்டு நிகழ்வு சான்றாகும். தூர்மலே கணவாயிலிருந்து இறங்குகையில் யூஜின் கிறிஸ்தோஃபின் வண்டியில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முறிந்தது. வண்டியைச் சுமந்து பல கிலோமீட்டர் நடந்து, சிற்றூர் ஒன்றின் கொல்லன் பட்டறையில் அவரே அதைச் சரிசெய்தார். துருத்தியை ஒரு சிறுவன் இயக்கியதால், பிறர் உதவி பெற்றதாகக் கூறி அவருக்கு நேரத் தண்டனை விதிக்கப்பட்டது. 1919-இல் அறிமுகமான மஞ்சள் நிற ஜெர்சியை முதன்முதலில் அணிந்தவரும் இதே கிறிஸ்தோஃப்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

கியர் மாற்றும் கருவிகளையும் டெக்ராஞ்ச் நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. எனினும், அவரால் எளிதில் அடக்க இயலாதவை வீரர்களை ஊதியத்துக்கு அமர்த்திய சைக்கிள் நிறுவனங்களே. 1927-இல் பல சமவெளிக் கட்டங்களில் அணிகளை நேர இடைவெளிவிட்டுத் தனித்தனியே புறப்படச் செய்தார். அம்முறையோ வலிமை மிக்க அணிகளுக்கே சாதகமானது. 1929-இல் நோயுற்றிருந்த மொரிஸ் தெவால், அல்சியோன் நிறுவன அணியினரின் துணையுடன் வெற்றி பெற்றது அவரைக் கொதிப்படையச் செய்தது.

மறு ஆண்டே நிறுவன அணிகளை நீக்கிவிட்டு, பிரான்ஸ், இத்தாலி, பெல்ஜியம், ஸ்பெயின், ஜெர்மனி ஆகிய ஐந்து நாடுகளின் அணிகளை அவர் களமிறக்கினார். அனைவருக்கும் ஒரே வகை சைக்கிள் வழங்கப்பட்டது. அதனால் ஏற்பட்ட செலவை ஈடுகட்ட, வீரர்களுக்கு முன்னே விளம்பர வாகனங்களின் அணிவகுப்பு செல்ல ஏற்பாடு செய்யப்பட்டது. அந்த அணிவகுப்பு இன்றும் தொடர்கிறது. ஆயினும், நாட்டு அணிகளிலும் தலைவருக்காகத் தன் வாய்ப்பைத் துறக்கும் வழக்கம் மறையவில்லை.

1936-ஆம் ஆண்டு அறுவை சிகிச்சைக்குப் பின் வலியைப் பொருட்படுத்தாமல் காரில் பந்தயத்தைப் பின்தொடர்ந்த டெக்ராஞ்ச், தொடர இயலாமல் பாதியில் விலகினார். பொறுப்பு ஜாக் கோதேவிடம் சென்றது. 1940-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் தேதி, போரினால் பந்தயம் நின்றுபோயிருந்த கோடையில், மத்தியதரைக் கடற்கரையில் அவர் காலமானார்.

1962-இல் நிறுவன அணிகள் மீண்டும் திரும்பின. கலிபியே கணவாயின் உச்சிக்கு அருகே டெக்ராஞ்சின் நினைவுச் சின்னம் நிற்கிறது. பந்தயம் அவ்வழியே செல்லும் ஆண்டுகளில், அங்கு முதலில் ஏறிவரும் வீரருக்கு அவரது பெயரில் பரிசு வழங்கப்படுகிறது. அப்பரிசு அணிக்கு அன்று. தனி வீரருக்கே உரியது.