சைலன்சரை வெட்டுறதுக்கு முன்னாடி ஜி.டி.நாயுடு கதையைக் கேளுங்க!

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு புல்லட் சத்தம் புதுசு இல்லை. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்து 'என்ஃபீல்டு இந்தியா'வை ஆரம்பிச்சு, திருவொற்றியூரில் தொழிற்சாலை போட்டாங்க. தாத்தா காலத்துலேயே லேத்து, வெல்டிங்னு கை பழகிப்போன ஏரியா இது. அதனால, வீட்டு வாசல்ல ஒரு தகரக் கொட்டகை, ஒரு கிரைண்டர், ஒரு வெல்டிங் மெஷின் இருந்தா போதும், நம்ம வண்டிக்கு நாமே சைலன்சர் செஞ்சுடலாம்னு உங்களுக்கும் கை அரிச்சிருக்கும்.

ஆசையில தப்பே இல்லை. ஆனா, கிரைண்டரை ஆன் பண்றதுக்கு முன்னாடி ஒருத்தரைப் பத்தித் தெரிஞ்சுக்கோங்க. அவர் வடசென்னைக்காரர் இல்லை, கோயம்புத்தூர்க்காரர். ஊர்ல பலருக்கும் அவரை 'இந்தியாவின் எடிசன்'னுதான் தெரியும். எனக்கு அந்தப் பட்டத்தைவிட, அவர் ஒரு பழைய பைக்கைப் பிரிச்சுப் போட்ட கதைதான் பிடிக்கும்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு, சுருக்கமா ஜி.டி.நாயுடு. 1893 மார்ச் 23-ல் கோவை பக்கத்துல கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். கைக்குழந்தையா இருக்கும்போதே அம்மா தவறிட்டாங்க. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவே இல்லை. வாத்தியார் மேல மண்ணை வாரி வீசினார்னுகூட அவர் வாழ்க்கையை எழுதினவங்க சொல்றாங்க. மூணாம் வகுப்போட படிப்புக்கு முழுக்கு!

வாலிப வயசுல ஒருநாள், லங்காஷயர் என்ற வெள்ளைக்கார வருவாய் அதிகாரி ஊர்ப்பக்கம் மோட்டார் சைக்கிள்ல வர்றார். மாடு இழுக்கல, குதிரை இழுக்கல, வண்டி மட்டும் தானா ஓடுது. அதைப் பார்த்த நாயுடுவுக்கு வேற எதுலயும் மனசு நிக்கல. அந்த வண்டி இங்கிலாந்துத் தயாரிப்பான ரட்ஜ். வாங்கணும்னா காசு? கோவைக்குப் போய் ஒரு ஹோட்டல்ல சர்வரா சேர்ந்தார். மூணு வருஷம் இலை எடுத்து, காபி ஆத்திக் காசு சேர்த்தார். கடைசியில் அந்த அதிகாரிகிட்டயே போய் அதே வண்டியை வாங்கிட்டார். விலை 300 ரூபாய்னு எழுதியிருக்காங்க. இ.எம்.ஐ கட்டி பைக் எடுக்கிற நமக்கு, ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டிக்காக மூணு வருஷம் காத்திருக்கிறதை நினைச்சாலே மூச்சு முட்டும்.

சரி, வாங்கின கையோட என்ன பண்ணியிருப்பார்? ஊரைச் சுத்தினார்னுதானே நினைக்கிறீங்க? முழு வண்டியையும் பிரிச்சார். நட்டு, போல்ட், வால்வுனு எல்லாத்தையும் கழட்டிப் பார்த்து, திரும்ப மாட்டினார். சொல்லித்தர ஆளில்லை, யூடியூப் இல்லை. அந்தக் காலத்து ரட்ஜ் வண்டிகள் ஒரே சிலிண்டர்தான். பின் சக்கரத்தை செயின் இழுக்காது, பெல்ட் இழுக்கும். நம்ம புல்லட்டுக்கு அது ஒருவகையில ஒன்றுவிட்ட பெரியப்பா முறை.

இங்கதான் உங்க சைலன்சர் கதைக்கும் அவருக்கும் சம்பந்தம். அவர் எதையும் மாத்தலை. முதல்ல, அது ஏன் அப்படி இருக்குனு பார்த்தார். நம்மாளுங்க இந்தப் பாதி வேலையைத்தான் தாண்டிக் குதிச்சுடுறாங்க.

சைலன்சர் வெறும் சத்தத்தை அடக்குற டப்பா இல்லை. இன்ஜினோட புகை வால்வு திறந்ததும், எரிஞ்ச வாயு ஒரு அழுத்த அலையா பெண்ட் பைப்புக்குள்ள ஓடும். பைப் முடியுற இடத்துல அந்த அலை அழுத்தம் குறைஞ்ச அலையா மாறித் திரும்பி வரும். அது வால்வு மூடுறதுக்குள்ள வந்து சேர்ந்தா, சிலிண்டர்ல மிச்சமிருக்கிற புகையை உறிஞ்சி வெளிய இழுத்து, புது பெட்ரோல் கலவைக்கு இடம் பண்ணிக்கொடுக்கும். எந்த வேகத்துல இந்த உதவி கிடைக்கணும்கிறதை பைப்போட நீளம் முடிவு பண்ணுது. பைப்பை ரொம்பப் பருமனா போட்டா வாயு மெதுவாகிடும், கீழ் வேகத்துல இழுவை செத்துடும். சத்தம் தூக்கலா இருக்கும். ஆனா, எண்ணூர் நெடுஞ்சாலையில கன்டெய்னர் லாரிக்குப் பின்னாடி ஊர்ந்து போகும்போது வண்டி திணறும்.

கைவேலைன்னு எடுத்துக்கிட்டாலும் இப்படித்தான். பைப்பை வளைக்கும்போது உள்ள மணலை இறுக்கி நிரப்புறது பழைய பட்டறை வழக்கம். இல்லைன்னா வளைவுல பைப் நசுங்கிடும். அந்த மணல் எலும்பா காய்ஞ்சிருக்கணும். ஈரம் இருந்தா, சூடு பண்ணும்போது ஆவியாகி அடைப்பைத் துப்பாக்கிக் குண்டு மாதிரி தெறிக்க விட்டுடும். சல்லிசா கிடைக்குதேன்னு ஜி.ஐ பைப்பை வாங்கி வெல்டிங் வைக்காதீங்க. மேல பூசின துத்தநாகம் புகையா கிளம்பி, அன்னைக்கு ராத்திரியே காய்ச்சல்ல படுக்க வைக்கும். பழைய கார்புரேட்டர் வண்டியில புகைவழியைத் திறந்துவிட்டா பெட்ரோல் கலவை மெலிஞ்சு இன்ஜின் கூடுதலா சூடாகும், ஜெட்டையும் மாத்தணும். பி.எஸ்-6 வண்டின்னா, உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் ஆக்ஸிஜன் சென்சாரும் இருக்கு, தயவுசெஞ்சு கை வைக்காதீங்க. கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாத்துறதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்குது. போலீஸ் சைலன்சர்களைக் குவிச்சுவெச்சு ரோடு ரோலர் ஏத்துற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. அதனால, ரோட்டுல ஓட்டாத பழைய இன்ஜின் ஒண்ணு கிடைச்சா, கத்துக்கிறதுக்கு அதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

நாயுடு கதைக்கு வருவோம். பைக் மோகம் சோறு போடாதே! பருத்தி வியாபாரத்துல இறங்கினார், சம்பாதிச்சார். பெரிய ஆட்டம் ஆடலாம்னு பம்பாய் போய், வந்ததையெல்லாம் அங்கேயே விட்டுட்டுத் திரும்பினார். கோவையில ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற தொழிலதிபர் கைகொடுத்தார். 1920-ல் ஒரே ஒரு பஸ், பொள்ளாச்சி டு பழனி. டிரைவர் நாயுடுவேதான். அந்த ஒத்தை பஸ்தான் பிற்பாடு யு.எம்.எஸ் என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமா வளர்ந்துச்சு.

அதுக்கப்புறம் அந்தக் கை சும்மா இருக்கல. பேட்டரியில ஓடுற 'ரசாந்த்' ஷேவிங் ரேஸர், மெல்லிய பிளேடு, மண்ணெண்ணெயில ஓடுற ஃபேன், ஜூஸ் பிழியுற கருவி, கள்ள ஓட்டைத் தடுக்கிற ஓட்டுப்பதிவு மெஷின்னு பட்டியல் நீளும். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டார் உருவாகக் காரணமா இருந்தார். 1941-ல் 70 ரூபாய்க்கு ரேடியோ கொடுக்க முடியும்னார். 1967-ல் அஸ்திவாரத்துல இருந்து 11 மணி நேரத்துல ஒரு வீட்டைக் கட்டினார். பப்பாளி, பருத்தியைக்கூட விட்டுவைக்கல. 1936 மாகாணத் தேர்தல்ல நின்னு தோத்தும் போனார். அந்த ஒண்ணு மட்டும் அவருக்குப் பிரிச்சு மாட்ட வரலை போல!

1945-ல் அவர் கொடையால கோவையில ஆர்தர் ஹோப் பெயர்ல ஒரு தொழில்நுட்பக் கல்லூரி வந்துச்சு. இன்னைக்கு அரசு தொழில்நுட்பக் கல்லூரியா நிக்கிறது அதோட வழிதான். எதைப் படிக்கவும் நாலு வருஷம் அதிகம், ரெண்டே போதும் என்பது அவர் கட்சி. பிரிட்டிஷ் அரசு ஒத்துக்கல. அவரும் விட்டுக்கொடுக்கல, பொறுப்பிலிருந்து விலகிட்டார்.

ரொம்ப வலிச்ச இடம், 1952. ரெண்டு பேர் போகக்கூடிய பெட்ரோல் கார். விலை 2,000 ரூபாய். வண்டி ரெடி, ஆள் ரெடி. தயாரிக்க அரசு லைசென்ஸ் தரலை. உங்க கொட்டகையில நீங்க செஞ்ச ஒரு பொருள் கச்சிதமா வேலை செய்யுது, ஆனா ஒரு கையெழுத்து இல்லாததால அது கொட்டகையைத் தாண்டக்கூடாதுன்னா எப்படி இருக்கும்? அந்தக் கடுப்பு, வரிச்சுமை மேல இருந்த கோபம் எல்லாம் சேர்ந்து, ஐம்பதுகள்ல தன்னோட கண்டுபிடிப்புகள் சிலதைப் பொதுமக்கள் முன்னாடியே உடைச்சுப் போட்டார். அவர் நியாயம் புரியுது. ஆனாலும் எனக்கு இது மட்டும் மனசு ஆறலை. ஒரு பைக்கை ஒரு ஸ்க்ரூகூடத் தொலையாம திரும்ப மாட்டின கை, தான் செஞ்சதையே சம்மட்டியால அடிச்சிருக்கு. அரசாங்கத்துக்கு அதனால ஒண்ணும் குறையல. அதைப் பார்த்துக் கத்துக்க வேண்டிய அடுத்த தலைமுறைப் பசங்களுக்குத்தான் நஷ்டம்.

1974 ஜனவரி 4-ல் நாயுடு காலமானார். அவர் சேர்த்த, செஞ்ச பொருட்களோட கண்காட்சி கோவை அவிநாசி ரோட்ல இருக்கு. அவர் குடும்பத்து அறக்கட்டளை 2015-ல் திறந்த ஜீடி கார் மியூசியமும் அங்கேயேதான். 1886 பென்ஸ் வண்டியோட மாதிரிகூட நிக்குது. வீக் எண்ட்ல சென்னையிலிருந்து பைக்லயே கிளம்புறவங்க, சென்ட்ரலாண்ட வர்றதுக்குள்ள உங்க சைலன்சரை ஒருதடவை செக் பண்ணிக்கோங்க. கோவையில அவர் பேர் வெச்ச 10 கிலோமீட்டர் மேம்பாலத்துல ஏறி இறங்கினா, மியூசியம் ரோட்டோரமாவே இருக்கும்.